சக்கரம் இல்லாமல் ஓடும் சின்ன ரோபோக்கள்: அதிர்வு இயக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் துலக்கும் பிரஷ்ஷின் தலை ஒன்று, பழைய செல்போனிலிருந்து கழற்றிய அதிர்வு மோட்டார் ஒன்று, ஒரு பட்டன் பேட்டரி. மூன்றையும் ஒட்டிவைத்தால் மேசைமேல் ஓடுகிற ரோபோ தயார். பிரிஸில்பாட் என்று ஆர்வலர்கள் அழைக்கும் இந்த வகையின் செய்முறையை 2007-இல் ஈவில் மேட் சயின்டிஸ்ட் என்ற அமெரிக்கக் குழு வெளியிட்டது. அதன் பிறகு எத்தனையோ பள்ளிகளின் மேசைகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட வைப்பது எளிது. நினைத்த பக்கம் ஓட வைப்பதில்தான் வேலை இருக்கிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதும் அதைப் பற்றித்தான்.

சக்கரமும் இல்லை, நடக்கிற காலும் இல்லை. வெறும் அதிர்வில் ரோபோ எப்படி முன்னே போகிறது?

அதிர்வு மட்டும் எதையும் முன்னே கொண்டுபோவதில்லை. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. மோட்டார் செய்வது உலுக்குவது மட்டும்தான். ஒரு சுற்றில் முன்னே தள்ளிய அளவுக்கு அதே சுற்றில் பின்னேயும் தள்ளிவிடும். கூட்டிக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. மிச்சம் வர வேண்டுமானால் முன்பக்கம் நழுவுவது எளிதாகவும் பின்பக்கம் நழுவுவது கடினமாகவும் இருக்க வேண்டும். அந்த ஓரவஞ்சனையைச் செய்பவை கால்கள்.

பிரஷ் இழைகள் பின்பக்கம் சாய்ந்திருக்கின்றன, அதாவது நுனிகள் வாலைப் பார்த்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் உள்ள எடை கீழ்நோக்கி வீசும்போது உடல் அழுந்துகிறது. நுனிகள் தரையைக் கவ்விக்கொள்ள, இழைகள் இன்னும் வளைந்து உடலை முன்னே தள்ளுகின்றன. அடுத்த அரைச் சுற்றில் எடை மேல்நோக்கி வீசுகிறது. தரைமேல் அழுத்தம் குறைந்ததும் வளைந்த இழைகள் நிமிர்ந்து நுனிகளை முன்னே இழுத்துக்கொள்கின்றன. ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். நொடிக்கு நூற்றைம்பது முறைக்கு மேல் இது நடப்பதால் நம் கண்ணுக்கு ஓட்டமாகத் தெரிகிறது.

சட்டைக் கைக்குள் சிக்கிய புற்கதிர் ஒன்று, கையை வீச வீசத் தானாக மேலே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கூர்முடிகள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் அதற்குத் திரும்பி வர வழியில்லை. இங்கே நடப்பதும் அதுவே.

இத்தனை சின்ன மோட்டாருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது?

வேகத்திலிருந்து. அதிர்வு மோட்டாரின் தண்டில் ஓர் எடை மையம் விலகிப் பொருத்தப்பட்டிருக்கும். அது சுழலும்போது எழும் விசையை அறிய, எடையின் நிறை, மையத்திலிருந்து அதன் தூரம், கோண வேகத்தின் இருமடி ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும்.

அரை கிராம் எடை, 1 மில்லிமீட்டர் விலகல், நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோண வேகம் நொடிக்குச் சுமார் 1,047 ரேடியன். விசை சுமார் 0.55 நியூட்டன். 15 கிராம் உள்ள ரோபோவைப் பூமி இழுக்கும் விசையோ 0.15 நியூட்டன்தான். அரை கிராம் எடை, தன்னைப் போல முப்பது மடங்கு கனமான உடலைத் தரையிலிருந்து எகிற வைக்கும் அளவுக்கு உதைக்கிறது என்று பொருள். பள்ளியில் எட்டாத உயரத்தில் நின்ற அந்தச் சூத்திரம் கையில் கிறுகிறுவென்று அதிரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இருமடி என்பதைக் கவனியுங்கள். சுழலும் வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். பேட்டரி கொஞ்சம் இறங்கியதுமே ரோபோ படுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

எகிறினால்தான் நகருமா?

இல்லை. எகிறாமலே நகரலாம். தரைமேல் உள்ள அழுத்தம் கூடிக் குறைந்தாலே போதும். உராய்வும் அதோடு கூடிக் குறையும். நன்றாக ஓடும் ரோபோவின் கால் நுனிகள் தரையை விட்டு அதிகம் பிரிவதில்லை. ஒரேயடியாகக் குதிப்பது சத்தம் போடுமே தவிர, தூரம் கடக்காது.

எந்த மோட்டாரை வாங்குவது? எப்படி ஒட்டுவது?

இரண்டு வகை கிடைக்கிறது. உருளை வடிவத்தில், வெளியே அரைவட்ட எடை தெரிவது ஒன்று. காசு போலத் தட்டையாக, எல்லாம் மூடியிருப்பது இன்னொன்று. தட்டையானது பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் கேட்டால் இரண்டும் கிடைக்கும். பழுதான செல்போனைப் பிரித்தும் எடுக்கலாம்.

ஒட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தட்டை மோட்டாரின் பின்புறத்தில் பசைத்தாள் இருப்பதால் அதை அப்படியே படுக்கவைத்து ஒட்டத் தோன்றும். படுத்திருக்கும் மோட்டாரின் எடை தரைக்கு இணையாகச் சுற்றுகிறது. விசை பக்கவாட்டில்தான் பெரும்பாலும் போகும். மேல்-கீழ் உலுக்கல் கொஞ்சம்தான் கிடைக்கும். ரோபோ நகரும், ஆனால் தட்டாமாலை சுற்றும். அதே மோட்டாரை, வண்டிச் சக்கரம் நிற்பது போல விளிம்பில் நிறுத்தி ஒட்டிப் பாருங்கள். எடை இப்போது மேல்-கீழ், முன்-பின் தளத்தில் சுற்றும். இழைகளுக்குத் தேவையான அழுத்தம் அப்போதுதான் கிடைக்கும். நிறுத்தி ஒட்ட, தீக்குச்சித் துண்டு இரண்டை முட்டுக் கொடுத்து, க்ளூ கன்னால் (பசையை உருக்கி வடிக்கும் கருவி) இருபுறமும் பசை வையுங்கள்.

உருளை மோட்டாரானால் தண்டு ரோபோவின் குறுக்கே இருக்கட்டும். எடை எதிலும் இடிக்காமல் சுற்ற இடம் விடுங்கள். ஒரு சொட்டுப் பசை தண்டில் இறங்கினால் மோட்டார் போயிற்று.

மெத்தென்ற இருபக்க டேப் வேண்டாம். அது அதிர்வைத் தானே குடித்துவிடும். மோட்டாருக்கும் காலுக்கும் நடுவில் இருப்பது எல்லாம் விறைப்பாக இருக்க வேண்டும்.

பிரஷ் எப்படி இருக்க வேண்டும்?

எல்லா இழைகளும் ஒரே பக்கம் சாய்ந்த பிரஷ் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் இழைகள் நேராகவோ, குறுக்கும் நெடுக்குமாகவோ இருக்கும். குறுக்கு இழைகள் உள்ளது நமக்கு ஆகாது. ஒரு வரிசை முன்னே தள்ள இன்னொரு வரிசை பின்னே தள்ளும். நேர் இழை பிரஷ்ஷை வாங்கி நாமே சாய்த்துக்கொள்ளலாம். தலையைக் கவிழ்த்து, இழைகள் ஒரு பக்கம் மடியும்படி ஒரு கனமான புத்தகத்தை ஏற்றி ஓர் இரவு வையுங்கள். அவசரமென்றால் இழைகளைச் சாய்த்துப் பிடித்துச் சுடுதண்ணீரில் சிறிது நேரம் காட்டி, பிடித்தபடியே குளிர விடுங்கள். நைலான் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கடின இழை கனமான உடலுக்கு, மென்மையான இழை இலேசான உடலுக்கு. உடலின் எடையிலேயே இழைகள் முழுவதும் படுத்துவிட்டால் அதற்கு மேல் வளைய இடமில்லை, தள்ளவும் வழியில்லை. மோட்டார் ஓடாதபோது ரோபோவைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். இழைகள் உடலைத் தாங்கி நிற்க வேண்டும், ஆனால் விரலால் மெல்லத் தொட்டாலே அசைந்து கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இருக்கிற நேரத்தில் முக்கால் பங்கைக் காலுக்குக் கொடுங்கள். இன்னும் பெரிய மோட்டார், இன்னும் பெரிய பேட்டரி என்று தேடி அலைவதால் கிடைக்காத வேகம், ஐந்து நிமிடம் இழையைச் சீராக வெட்டினால் கிடைத்துவிடும்.

என் ரோபோ நேராகப் போகாமல் வட்டமடிக்கிறது. ஏன்?

காரணம் மோட்டாரிலா காலிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பேட்டரியின் இரு முனைகளையும் மாற்றிக் கொடுங்கள். மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். வட்டமும் எதிர்ப்பக்கமாக மாறினால் காரணம் மோட்டார். வட்டம் அதே பக்கமே இருந்தால் காரணம் கால்கள், அல்லது எடை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது.

மோட்டார் என்றால் அதை நிறுத்தி ஒட்டுங்கள், நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். காலென்றால், ரோபோ எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்க இழைகள் குறைவாகத் தள்ளுகின்றன என்று பொருள். கண்ணாடிமேல் வைத்துக் கீழிருந்து பாருங்கள். எந்தக் கொத்து தரையைத் தொடாமல் தொங்குகிறது, எது அளவுக்கு மீறி அழுந்துகிறது என்று பளிச்சென்று தெரியும். நகவெட்டியால் ஒரு கொத்தில் அரை மில்லிமீட்டர் வெட்டினாலே பாதை மாறுவதைக் காணலாம்.

ஒற்றைப் பிரஷ் தலை குறுகலானது. இரண்டு தலைகளை இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அகலம் கூடும். தலை திரும்புவது நன்றாகக் குறையும்.

அதை நாம் விரும்பியபடி திருப்ப முடியுமா?

முடியும். இரண்டு மோட்டார் வேண்டும்; இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒன்று மட்டும் ஓடினால் ஒரு பக்கம் திரும்பும், மற்றது ஓடினால் மறுபக்கம், இரண்டும் சேர்ந்து ஓடினால் முன்னே.

இதை உலகுக்கே காட்டியவை கிலோபாட் ரோபோக்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ரூபன்ஸ்டைன், ராதிகா நாக்பால் ஆகியோரின் குழு உருவாக்கியவை. ஒவ்வொன்றும் 33 மில்லிமீட்டர் விட்டம். இரண்டு அதிர்வு மோட்டார்கள், வளையாத மூன்று மெல்லிய கம்பிக் கால்கள். வேகம் நொடிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். உதிரிப் பொருள்களின் விலை ஒன்றுக்குச் சுமார் 14 டாலர். சக்கரமும் பற்சக்கரப் பெட்டியும் வைத்திருந்தால் இந்த விலைக்கும் அளவுக்கும் கட்டுப்பட்டிருக்காது. அதிர்வைத் தேர்ந்தெடுத்ததால்தான் 1,024 ரோபோக்களைச் செய்ய முடிந்தது. 2014 ஆகஸ்டில் அந்தக் கூட்டம் தானாகவே நட்சத்திர வடிவத்திலும் கே என்ற ஆங்கில எழுத்து வடிவத்திலும் அணிவகுத்ததை சயின்ஸ் இதழ் வெளியிட்டது. ஒரு வடிவம் அமையச் சுமார் 12 மணி நேரம் ஆயிற்று.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது அணிவகுப்பு அல்ல. அதிர்வில் நகரும் ரோபோவுக்குத் தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்பது தெரியாது. எண்ணிப் பார்க்கச் சக்கரச் சுற்று எதுவும் இல்லை. ஒன்றைப் போல் இன்னொன்று நகர்வதும் இல்லை. அந்தக் குறையை மறைக்காமல், அகச்சிவப்பு ஒளியால் பக்கத்து ரோபோவுக்கு உள்ள தூரத்தை அளந்து, ஒருவரையொருவர் பார்த்துத் திருத்திக்கொள்ளும்படி அமைத்தார்கள். கால் துல்லியமாக இல்லாத இடத்தில் கூட்டத்தின் அறிவு துணைக்கு வந்தது. நீங்கள் செய்வதிலும் இதையே பின்பற்றலாம்: இத்தனை நொடி ஓடு என்று கட்டளையிடாதீர்கள், ஒளி உணரி ஒன்றை வைத்து, வெளிச்சம் கூடும் வரை ஓடு என்று சொல்லுங்கள்.

ஆர்டுயினோ பின்னில் மோட்டாரை நேராக இணைக்கலாமா?

கூடாது. ஆர்டுயினோ என்பது நிரல் எழுதி ஓட்டும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை; பின் என்பது அதில் கம்பி இணைக்கும் முனை. ஆர்டுயினோ ஊனோ என்ற பலகையின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் எடுப்பது நல்லது. 40 என்பது எல்லை. தட்டை மோட்டார் ஓடும்போதே 60 முதல் 80 வரை இழுக்கும், கிளம்பும்போது இன்னும் அதிகம். சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஒரு டிரான்சிஸ்டர் நடுவில் வேண்டும். பி.சி. 547 என்ற வகை நூறு மில்லிஆம்பியரோடு நின்றுவிடும் என்பதால் 2என்2222 வாங்குங்கள். மோட்டாருக்குக் குறுக்கே மின்னோட்டத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்றைத் தலைகீழாகப் போடுங்கள். நிறுத்தும்போது எழும் மின்னழுத்த உதையை அது தாங்கிக்கொள்ளும்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?

சி.ஆர். 2032 வகை பட்டன் பேட்டரியில் 220 மில்லிஆம்பியர்-மணி இருப்பதாகப் போட்டிருக்கும். அது கடிகாரம் போன்ற, மிகக் குறைந்த மின்னோட்டம் எடுக்கும் கருவிகளுக்கான கணக்கு. மோட்டார் கேட்கும் அளவை அதனால் தொடர்ந்து தர முடியாது, மின்னழுத்தம் இறங்கிவிடும். விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று மேலே பார்த்தோமே, அதன் விளைவு உடனே தெரியும். எடை தாங்குமானால் சின்ன லித்தியம் பாலிமர் பேட்டரி நல்லது. முழுதாகச் சார்ஜ் ஆனதும் அது 4.2 வோல்ட் தரும் என்பதால் 3 வோல்ட் மோட்டாருக்கு மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுங்கள்.

வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடுமா?

ஓர் அளவு வரை. பிறகு குறையும். வளையும் எந்தக் காலுக்கும் தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, அதாவது தட்டிவிட்டால் அது நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற கணக்கு. மோட்டாரின் சுழற்சி அதை நெருங்கும்போது சிறு உலுக்கலுக்கும் கால் பெரிதாக அசையும். ரோபோ பாய்ந்து போகும். தாண்டிவிட்டால் கால் அதனோடு ஈடுகொடுக்க முடியாமல், இருந்த இடத்தில் நடுங்கும்.

மோட்டாரின் வேகத்தை ஒரு பொட்டென்ஷியோமீட்டரால் (திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை) மெல்ல மெல்லக் கூட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் ரோபோ சட்டென்று உயிர்பெறும். அந்த இடத்தில் மோட்டாரின் ரீங்காரத்தைச் செல்போனில் ஒலி அதிர்வெண் காட்டும் செயலியால் அளக்கலாம். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபைஃபாக்ஸ் இதற்கு நன்றாகப் பயன்படும், இலவசமும்கூட. 167 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 167 சுற்று, காட்டினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 சுற்று.

இதையே ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2019-இல் மிகச் சிறிய அளவில் செய்து காட்டினார்கள். அவர்களுடைய ரோபோ 2 மில்லிமீட்டர் நீளம், சுமார் 5 மில்லிகிராம் எடை. முப்பரிமாண அச்சில் வார்த்த சாய்ந்த கால்கள். காலின் அளவு மாறினால் அது அசைந்து கொடுக்கும் அதிர்வெண்ணும் மாறும்.

எந்தத் தரையில் நன்றாக ஓடும்?

கண்ணாடி, வழுவழுப்பான டைல்ஸ், சன்மைக்கா மேசை. துணியிலும் தரைவிரிப்பிலும் ஓடாது. அதிர்வு அதில் அமிழ்ந்துவிடும். டைல்ஸ் இணையும் கோட்டில் சிக்கும். மிகவும் வழுக்கினால் ஒரு காகிதத்தை விரித்து அதன்மேல் விடுங்கள்.

சக்கரம் உள்ள ரோபோவுக்கு அதிர்வு உதவுமா?

இந்தக் கேள்வி அபூர்வமாகத்தான் வருகிறது; ஆனால் மிகவும் பயனுள்ள கேள்வி. நின்றிருக்கும் பொருளை அசைக்கத் தேவையான விசை, ஓடுவதை ஓட வைக்கத் தேவையானதைவிட அதிகம். கோட்டைப் பின்தொடரும் ரோபோவில் பற்சக்கரப் பெட்டி உள்ள மஞ்சள் நிற பி.ஓ. மோட்டாரை மெதுவாக ஓட வைக்கப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: அது நகரவே நகராது, பிறகு ஒரேயடியாகத் துள்ளும். அங்கே சின்ன நடுக்கம் ஒன்றைக் கொடுத்தால் அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடும்.

அதற்குத் தனி மோட்டாரும் தேவையில்லை. மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து மோட்டாரின் வேகத்தை ஆளும் பி.டபிள்யூ.எம். முறையின் அதிர்வெண்ணைக் குறைத்தாலே போதும். ஊனோவில் பெரும்பாலான பின்களில் அது 490 ஹெர்ட்ஸ். நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கொண்டுவந்தால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு சிறு உதையாக விழும். பற்சக்கரங்கள் சிக்கி நிற்காது. சத்தம் கொஞ்சம் கூடும்.

இது விமானங்களில் முன்பே பயன்பட்ட உத்தி. உயரம் காட்டும் கருவியின் முள் உராய்வில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழைய பிஸ்டன் என்ஜினின் அதிர்வே உதவியது. அதிர்வு குறைந்த ஜெட் விமானங்கள் வந்த பிறகு, அத்தகைய கருவிகள் பலவற்றுக்குள் தனியே ஓர் அதிர்வியை வைக்க வேண்டியதாயிற்று.

இரண்டு நாள் ஓடியபின் மோட்டார் நின்றுவிட்டது. என்ன ஆகியிருக்கும்?

பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும், கம்பி அறுந்திருக்கும். தட்டை மோட்டாரின் கம்பிகள் மிக மெல்லியவை. உடலோடு சேரும் இடத்தில் ஓயாமல் அதிர்ந்து, மேலுறை அப்படியே இருக்க உள்ளே அறும். வாங்கியவுடனே அந்த இடத்தில் ஒரு சொட்டு க்ளூ கன் பசை வைத்து, கம்பியை ஒரு வளைவு விட்டு உடலில் ஒட்டிவிடுங்கள். சால்டர் வைத்த இடங்களுக்கும் இதே பாதுகாப்பு தேவை. திருகுகள் இருந்தால் அவையும் தளரும். ரோபோ திரும்புவதை அளக்கும் கைரோ உணரி வைத்திருப்பவர்கள் அதற்கடியில் மெத்தென்ற டேப்பை வையுங்கள். மோட்டாருக்கு வேண்டாம் என்றேனே, அந்த டேப்புக்குச் சரியான இடம் இதுதான்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் செய்யலாமா?

பட்டன் பேட்டரி அவர்கள் கைக்கு எட்டாது என்ற உறுதி இருந்தால் செய்யலாம். 20 மில்லிமீட்டர் பேட்டரியை விழுங்கினால் அது உணவுக்குழாயில் தங்கிவிடக்கூடும். ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரப்பொருள் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள் சதை வெந்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வகுப்பில் செய்யும்போது பேட்டரிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ரோபோவில் பேட்டரி இருக்கும் பெட்டிக்குத் திருகு போட்ட மூடி வையுங்கள்.

பிரஷ் ரோபோ ஓடிவிட்டது. அடுத்து என்ன?

செங்குத்தாக ஏற்றிப் பாருங்கள். ஹெக்ஸ்பக் நானோ என்ற பொம்மையின் இரண்டாம் பதிப்புக்கு முதுகிலும் ரப்பர் முட்கள் உண்டு. குழாய்க்குள் விட்டால் காலும் முதுகும் எதிரெதிர்ச் சுவர்களை அழுத்திக்கொண்டு மேலே ஏறும். இதை நாமும் செய்யலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று, முதுகோடு முதுகாக ஒட்டிய இரண்டு பிரஷ் தலைகள், நடுவில் மோட்டார், இழைகள் எல்லாம் கீழ்நோக்கிச் சாய்வு. குழாயின் உள்விட்டம் இழை நுனிகளுக்கிடையே உள்ள அகலத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். கூடுதலாக இறுக்கினால் இழைகள் அசையாது, தளர்த்தினால் விழுந்துவிடும். முதலில் குழாயைக் கொஞ்சமாகச் சாய்த்து ஓட விடுங்கள், ஏறியதும் இன்னும் நிமிர்த்துங்கள்.